சந்தனம் பூசின நீல ஃபைல்

ஸ்ரீரங்கம்
28.7.2025

நான் பேச்சை நிறுத்தி வச்சிருக்கிற என் பேத்தி வேணிக்கு அப்பாயி வள்ளிக்கண்ணு எழுதுறது.

அந்த பஸ்ஸு முதலாளி வீட்டுச் சம்பளத்தை நீ வாங்குற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சமயபுரத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அதுல மாத்தம் இல்ல. உங்கப்பன் போனை ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கத்துல வச்சா நான் எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுறேன். ஆனா எழுதமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல. மூணாங்கிளாஸ் படிச்சது இதுக்காவது உதவட்டும். எழுத்து கோணலா இருக்கும், கூட்டிப் படிச்சுக்க.

விஷயத்துக்கு வரேன். போன சனிக்கிழமை நீ திருச்சிக்கு வந்திருக்க. ஐதராபாத்துலேருந்து ஒரு பணக்காரக் குடும்பத்தைத் தனி விமானத்துல ஏத்திக்கிட்டு வந்து இறக்கியிருக்க. அவங்க நம்ம கோயிலுக்கு வந்து, பெருமாளையும் தாயாரையும் நிதானமா சேவிச்சு, தெற்கு வாசல்ல பித்தளை விளக்கு வாங்கி, சாயங்காலம்தான் திரும்பினாங்கன்னு உங்கப்பன் சொல்றான். அத்தனை நேரம் ஊர்ல இருந்த பைலட்டம்மாவுக்கு மேலூர் ரோடு வரைக்கும் வந்து அப்பாயி மூஞ்சியைப் பார்க்க முடியல. நான் பேசமாட்டேன்தான். அதுக்காகச் சோறு போடமாட்டேனா? அன்னைக்கு வாழைப்பூ வடை சுட்டிருந்தேன்.

இதை நான் மறக்கமாட்டேன். உன் காதுகுத்துக்கு உங்க பெரியத்தை வராததையே இன்னும் மறக்காதவ நான்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


பல்லாவரம், சென்னை
6.8.2025

என் அப்பாயிக்கு,

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். திட்டா இருந்தாலும் உன் குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போனியா? கூட்டத்துல படியில இறங்கியிருக்கமாட்டன்னு நம்புறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் ஊருக்குள்ள வரக்கூடாது அப்பாயி. பயணிங்க எப்ப திரும்பி வருவாங்கன்னு யாருக்கும் தெரியாது. அவங்க வந்த உடனே கிளம்பணும். எங்க வேலையில பாதி காத்திருக்கிறதுதான். நானும் என்கூட ஓட்டுற கேப்டன் பிரிட்டோவும் ஏர்போர்ட்டுல நின்ன அந்தக் குட்டி விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இஞ்சினை அணைச்சுட்டா ஏசி கிடையாது. கதவைத் திறந்தா தகரம் காயுற மாதிரி அனல். தூரத்துல மலைக்கோட்டை மங்கலா தெரிஞ்சுது. அதுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கன்னு கேப்டன்கிட்ட கையைக் காட்டிச் சொன்னேன்.

இவ்வளவு நேரம் காக்க வச்சா படுக்க ஒரு ரூம் போட்டுத் தரணும். அப்பதான் அதை ஓய்வுன்னு எழுதலாம், அதுக்கப்புறம்தான் எங்களைப் பறக்கச் சொல்லலாம். கம்பெனி ரூமும் போடுறதில்ல, ஓய்வுன்னு எழுதுறதையும் விடுறதில்ல. காத்திருந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, பறந்த நேரத்துக்கு மட்டும்தான்.

வடை மீதி இருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

உன் வேணி


ஸ்ரீரங்கம்
14.8.2025

வேணிக்கு எழுதுறது.

வடையை நானும் உங்கப்பனும் அன்னைக்கே தின்னுட்டோம். உங்கப்பன் மாதவன்கூட மட்டும் பேசுறேன். அந்த வீட்டு வாசலுக்கு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போய் வேலை கேட்டவன் அவன்தான், ஆனா அவன்தான் ரேஷன் வாங்கிட்டு வரான், என்ன செய்யிறது.

ரூம் குடுக்காம ஓய்வுன்னு எழுதுறானா அந்தப் பெரிய முதலாளி மகன் அஜித்து? அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கான். உங்க தாத்தா அவங்க செம்பருந்து கம்பெனி பஸ்ஸு ஓட்டினப்ப ராத்திரி சர்வீஸ் முடிஞ்சு வந்து பஸ்ஸுக்குள்ளேயே சீட்டுல சுருண்டுக்குவார். விடிஞ்சா துறையூர் முதல் சர்வீஸும் அவருதான். கேட்டா, அதான் தூங்கினியேப்பாம்பார் பெரிய முதலாளி. பஸ்ஸு கம்பெனி இப்ப ஏரோப்ளேன் கம்பெனி ஆயிருக்கு. சீட்டுதான் மெத்துன்னு இருக்கும்.

உங்க தாத்தாவோட லைசென்ஸை வாங்கி அரியமங்கலம் ஷெட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. வேலையை விட்டு ஓடிடக்கூடாதாம். இவர் ஜெராக்ஸை மடிச்சு வச்சுக்கிட்டு ஓட்டினார். அப்பதான் கவர்மெண்ட்டு பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்க இவருக்கு கார்டு வந்துச்சு. ஒரிஜினல் லைசென்ஸோட வரணும்னு போட்டிருந்துச்சு. இவர் போய்க் கேட்டார். "அடுத்த வாரம் பார்ப்போம்ப்பா"ன்னார் முதலாளி. அடுத்த வாரமும் அதையே சொன்னார். கார்டுல போட்ட தேதி போயிடுச்சு. கவர்மெண்ட்டு வேலையும் போச்சு, பென்சனும் போச்சு. அந்தத் தீபாவளிக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு குடுத்து விட்டார் அந்த மனுசன். நான் அதைத் திறக்காம தெருநாய்க்குப் போட்டேன்.

வருசத்துல ஒரு நாள்தான் அந்த லைசென்ஸை உங்க தாத்தா கையில பிடிப்பார். ஆயுத பூஜைக்கு பஸ் சாவி, ஸ்பானர், லைசென்ஸ் எல்லாத்தையும் சாமி படத்துக்கு முன்னால அடுக்கிச் சந்தனம் பூசுவாங்க. மறுநாள் காலையில மறுபூஜை முடிஞ்சு முதலாளி தன் கையால அவங்கவங்க பொருளை எடுத்துப் பொரிகடலையோட குடுப்பார். வரமுடியாதவங்களுக்கு வீட்டு ஆளுங்க வாங்கிக்கலாம். சாமி முன்னாலேருந்து எடுத்துக் குடுத்ததைப் பொழுது சாயுற வரைக்கும் திருப்பிக் கேட்கக்கூடாதுங்கிறது அந்த வீட்டு வழக்கம். சாயங்காலம் மேனேஜர் பையைத் தூக்கிக்கிட்டு வந்து லைசென்ஸை மட்டும் திரும்ப வாங்கிப்பார். உங்க தாத்தாவும் குடுத்துட்டு வருவார். குடுக்காம வாங்கன்னு நான் வருசா வருசம் சொன்னேன். நன்றி கெட்ட வேலை வள்ளின்னுவார். உங்க தாத்தா மேலயும் எனக்குக் கோபம்தான். செத்துப் போயிட்டதால விட்டு வச்சிருக்கேன்.

இந்த வீட்டுலதான் நீ போய் வேலைக்குச் சேர்ந்திருக்க.

வள்ளிக்கண்ணு


பல்லாவரம்
9.9.2025

அப்பாயி,

அப்பாகிட்டகூடச் சொல்லாத விஷயம் ஒண்ணு உனக்கு எழுதுறேன். படிச்சுட்டுத் திட்டு, ஆனா யார்கிட்டயும் சொல்லாதே.

ஒரு பெரிய விமான கம்பெனியிலேருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கு. அங்க எந்த நாள் டூட்டி, எந்த நாள் லீவுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. வெளியூர்ல தங்க வேண்டியிருந்தா ரூம் நிச்சயம். மாசம் பிறந்தா சம்பளம். இங்க போன மாசச் சம்பளமே இன்னும் வரல. அக்டோபர் 27 நேர்ல வரணும், ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வரணும்.

என் ஒரிஜினல் எதுவும் என்கிட்ட இல்ல. லைசென்ஸ் மட்டும்தான் என் பையில இருக்கு, அது இல்லாம பறக்க முடியாது. பத்தாவது, பிளஸ் டூ, பைலட் பயிற்சி முடிச்சதுன்னு மத்ததையெல்லாம் வேலையில சேர்ந்த அன்னைக்கே வாங்கிக்கிட்டாங்க. புதுசா எழுதிக் கேட்டா வந்து சேர மாசக்கணக்காகும்.

நேத்து அஜித் சார்கிட்ட கேட்டேன். பேங்க் லோனுக்கு வேணும்னு பொய் சொன்னேன். அவர் போன்லேருந்து தலையை எடுக்காம, "அடுத்த வாரம் பார்ப்போம்மா"ன்னார்.

உன் கடுதாசி அப்ப என் பையிலதான் இருந்துச்சு அப்பாயி. 

வேணி


ஸ்ரீரங்கம்
15.9.2025

வேணிக்கு.

யார்கிட்டயும் சொல்லல. உன் பேப்பர் எல்லாம் எங்க இருக்கு? அதே பீரோவா? எப்படி வச்சிருக்காங்க, கட்டியா பையிலயா, என்ன நிறம்? இதுக்கு மட்டும் பதில் எழுது. எதுக்குன்னு கேட்காதே. தலைக்கு எண்ணெய் வச்சுக்க.

வள்ளிக்கண்ணு


பல்லாவரம்
24.9.2025

அப்பாயிக்கு,

அதே பீரோதான். விமானம் சென்னையில நின்னாலும் ஆபீஸ் அரியமங்கலம் ஷெட்டு மாடியில. நீல ஃபைல். முன்பக்கம் என் போட்டோ ஒட்டியிருக்கும். எதுக்குக் கேட்கிறன்னு புரியல, கேட்காதேன்னுட்ட, சரி.

முந்தாநாள் நடந்ததை யார்கிட்டயாவது சொல்லணும். விடியுறதுக்கு முன்னாடி எழுந்து பெங்களூரு போய், அங்கேயிருந்து கோவா போய், ஏர்போர்ட்டு பெஞ்சுல காத்துக் கிடந்து மத்தியானம் திரும்பிக்கிட்டிருந்தோம். நல்ல வெயில், தெளிவான வானம். பிரிட்டோ சார் ஏதோ சொல்லிக்கிட்டிருந்தார். அடுத்து எனக்குத் தெரிஞ்சது, அவர் கை என் தோள்ல இருக்கு. நான் தூங்கிட்டேன் அப்பாயி. கண் திறந்துதான் இருந்துச்சாம், கூப்பிட்டா பதில் இல்லையாம். பின்னால ஒரு குழந்தை ஜன்னல்ல மேகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு வந்துச்சு.

அவர் திட்டல. "எனக்கும் இப்படி ஆகியிருக்கு வேணி, அன்னைக்கு என்னை எழுப்ப நீ இருந்த"ன்னார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கினா?

அடுத்த தடவை முடியலன்னா பறக்கமாட்டேன்னு சொல்லிடணும்னு இருக்கேன். சொன்னா அந்த ஃபைல் என் கைக்கு வரவே வராது. 27ஆம் தேதி போயிடும்.

வேணி


ஸ்ரீரங்கம்
3.10.2025

என் பேத்தி வேணிக்கு,

உன் கடுதாசியைப் படிச்சதுலேருந்து சோறு இறங்கல. அதனால செய்யணும்னு நினைச்சதைச் செஞ்சுட்டேன். முழுசாப் படி, நடுவுல சிரிக்காதே.

நேத்து விஜயதசமி. தாத்தா செத்த பிறகு, ஏன், அதுக்கு முன்னாலேயும் மிதிக்காத அந்த ஷெட்டு வாசலை மிதிச்சேன். உங்கப்பன்கிட்ட சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு சாமான் வாங்கணும்னு சொல்லிட்டு, பஸ்ஸு மாறி அரியமங்கலம் போனேன். பட்டுப்புடவைதான் கட்டினேன். அந்த வீட்டுக்குப் போறப்ப கிழிசலோட போவேனா?

வாழைமரம் கட்டி, பஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டு, ஷெட்டு உங்க தாத்தா சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. சாமி படத்துக்கு முன்னால சாவி, ஸ்பானர், அதுக்குப் பக்கத்துல ஃபைலுங்க அடுக்கியிருந்துச்சு. நீலம்னு எழுதினியேடி. அத்தனையும் நீலம். சரி, போட்டோவைப் பார்த்துக்கலாம்னு கிட்டப் போனா, பூசாரி ஒவ்வொரு ஃபைலுக்கும் சரியா போட்டோ மேலயே சந்தனத்தை அப்பி அதுக்கு நடுவுல குங்குமமும் வச்சிருக்கான். ஒரு மூஞ்சி தெரியல. பேரு எல்லாம் இங்கிலீசு.

பெரிய முதலாளியைச் சக்கர நாற்காலியில கொண்டு வந்து உட்கார வச்சாங்க. வத்திப்போயிட்டார். ஆனா எடுத்துக் குடுக்கிறது அவர் கைதான், மகன் பக்கத்துல நிக்கிறான். வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு.

"யாரும்மா?"

"பெரியண்ணன் டிரைவர் சம்சாரம். ஏரோப்ளேன் ஓட்டுற வேணி என் பேத்தி. அவளுக்கு நான் வாங்கிக்கிறேன்."

புருசன் பேரை நான் வாயால சொன்னது அதுதான் முதல் தரம். அந்த மனுசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். 

"பெரியண்ணன் நல்லா இருக்கானா?"

அவர் சாவுக்கு ஒரு மாலை வரல அந்த வீட்டுலேருந்து. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சாமி முன்னால நிக்கிறோமேன்னு முழுங்கிட்டேன். "இருக்கிற இடத்துல நல்லா இருக்கார். உங்க கையால குடுங்க"ன்னேன். மேல இருந்த ஃபைலை எடுத்து, பொரிகடலைப் பொட்டலத்தோட என் ரெண்டு கையிலயும் வச்சார். சாயங்காலம் மேனேஜர் ராமர்கிட்ட திருப்பிக் குடுத்துடணும்மான்னார். சாயங்காலம் வரட்டுங்கன்னேன். அங்க வச்சுப் பிரிச்சுப் பார்த்தா சந்தேகப்படுவாங்கன்னு முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நேரா பஸ்ஸு ஏறிட்டேன். திருவானைக்காவல் தாண்டுற வரைக்கும் திரும்பிப் பார்க்கல.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால சந்தனத்தைத் துடைச்சா மீசை வச்ச ஒரு ஆம்பளை.

உங்கப்பன் இங்கிலீசு படிச்சுட்டு, பிரிட்டோன்னு போட்டிருக்கும்மான்னு தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். சாயங்காலம் அந்த ராமர் போன் பண்ணினார். அம்மா யார்கூடயும் போன்ல பேசறதில்லைங்கன்னு சொல்லிட்டான். பிள்ளை பெத்ததுக்கு அந்த ஒரு வார்த்தை நல்லா சொன்னான்.

இனி அடுத்த வருசம் வரைக்கும் அந்த பீரோவைத் திறக்கமாட்டாங்களே வேணி. நான் என்ன செய்வேன்?

வள்ளிக்கண்ணு


பல்லாவரம்
8.10.2025

அப்பாயி,

நடுவுல சிரிக்காதேன்னு எழுதியிருந்த, அதனால கடைசியில சிரிச்சேன். சிரிச்சுட்டு அழுதேன். எனக்காக நீ அந்த வாசலை மிதிச்சியா?

என் ஃபைல் வரலன்னு மனசை உடைச்சுக்காதே. ரொம்ப யோசிச்சு உன் கடுதாசியை பிரிட்டோ சாருக்குப் படிச்சுக் காட்டினேன். மனுசன் அந்த மீசை இடத்துக்கு வந்ததும் எழுந்து வெளியில போய்ட்டார். திரும்பி வந்தப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அவரும் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டிருக்காராம், அவருக்கும் அடுத்த வாரம்தானாம். "உங்க அப்பாயிகிட்ட நானே போய் வாங்கிக்கிறேன்"ன்னார். ஞாயித்துக்கிழமை திருச்சி வரார். அவருக்கு ஊரு பாலக்கரைதான்.

அவர்கூட நீ பேசலாம். உன் சத்தியம் என்கூட மட்டும்தான்.

வேணி


ஸ்ரீரங்கம்
13.10.2025

வேணிக்கு அப்பாயி எழுதுறது.

உன் கேப்டன் வந்துட்டுப் போனார். புரட்டாசி முடியாததால மீன் கிடையாதுன்னு வாசல்லயே சொல்லிட்டேன். பூசணிக்காய் சாம்பாரை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவங்கப்பாவும் செம்பருந்து பஸ்ஸுலதான் கண்டக்டராம். பேரைச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு பொங்கலுக்கு நம்ம பித்தளைக் குண்டானை இரவல் வாங்கிட்டுப் போய் நசுக்கிக் குடுத்த ஆளு. சொன்னேன். அப்பா சார்புல மன்னிச்சுடுங்கம்மான்னார். குண்டான் இன்னும் பரண்லதான் இருக்குன்னு எடுத்தும் காட்டிட்டேன்.

ஃபைலைக் கையில வாங்கினதும் ஒவ்வொரு தாளா தடவிப் பார்த்தார். நீங்க இனிமே போயிடுவீங்களான்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்:

"நான் மட்டும் போனா அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து பைலட் சீட்டுல வேற யாராவது வந்து தூங்குவான்மா. அவ ஃபைல் வரட்டும்."

நசுங்கின குண்டான் விஷயத்தை விட்டுட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடு.

வள்ளிக்கண்ணு


பல்லாவரம்
29.10.2025

என் அப்பாயிக்கு,

முதல்ல இதைச் சொல்லிடுறேன், அப்புறம் மூச்சு விட்டுட்டுப் படி. வேலை கிடைச்சிடுச்சு. 27ஆம் தேதி போனேன், ஒரிஜினல் எல்லாம் காட்டினேன்.

எப்படின்னா, தீபாவளிக்கு முந்தின நாள். காலையிலேருந்து மதுரையில காக்க வச்சாங்க. ரூம் இல்ல. சாயங்காலம் சென்னை திரும்பணும்னு இருந்ததை, பயணிங்க திடீர்னு மும்பை போகணும்னாங்க. அஜித் சார் போன்ல சரின்னுட்டார். எனக்குக் கண்ணு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கோவாவுலேருந்து வந்த அன்னைக்குச் சிரிச்ச குழந்தை ஞாபகம் வந்துச்சு. "கேப்டன், என்னால முடியாது. நான் பறக்கமாட்டேன்"ன்னேன்.  அவர் உடனே அஜித் சாருக்குப் போன் போட்டு, ரெண்டு பேரும் களைச்சிருக்கோம், விமானம் இன்னைக்குக் கிளம்பாது, பயணிங்களுக்கு ஹோட்டல் போடுங்கன்னுட்டார்.

அந்தப் பக்கம் ஒரே சத்தம். சர்டிபிகேட் எல்லாம் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்னு கத்தினது எனக்கே கேட்டுச்சு. பிரிட்டோ சார் மெதுவா சொன்னார்:

"என்னோடது அங்க இல்ல சார். உங்கப்பா சாமி முன்னாலேருந்து எடுத்துத் தன் கையால குடுத்துட்டார்."

அஜித் சார் போனை வச்சுட்டார். கேப்டன் போயிட்டா அந்த விமானம் கொட்டகையிலதான் நிக்கணும். அது அவருக்கு நல்லா தெரியும்.

தீபாவளி முடிஞ்ச மறுநாள் மேனேஜர் ராமரே ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் பல்லாவரம் வந்தார். அஜித் சார் கோபமா அப்பாகிட்ட போய் முறையிட்டாராம். பெரியவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "பெரியண்ணன் சம்சாரத்துக்குத் தப்பா எடுத்துக் குடுத்துட்டேன். சரியானதைக் கொண்டு போய்க் குடு. அவன் கேட்டப்பவே குடுத்திருக்கணும்"ன்னாராம். ராமர் சொன்னது இது, நான் ஒரு எழுத்தும் கூட்டல. மத்த பைலட்டுங்க ஃபைலும் வந்திடுச்சு. காக்க வச்சா ரூம் உண்டுன்னு பிரிட்டோ சார் கையெழுத்து வாங்கிட்டார். அவர் இங்கேயே இருக்கார்.

என்னை 31ஆம் தேதியோட போகலாம்னுட்டாங்க. கடைசி மாசச் சம்பளம் எப்ப வரும்னு தெரியல.

என் ஃபைல் மேல சந்தனம் அப்படியே காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. நான் துடைக்கல. நேர்காணல்ல மேஜை மேல கொட்டுச்சு. என்னைக் கேள்வி கேட்ட அம்மா அதை ஊதி விட்டுட்டாங்க.

உன் வேணி


ஸ்ரீரங்கம்
4.11.2025

என் கண்ணு வேணிக்கு,

கடுதாசியை உங்கப்பனை விட்டு ஒரு தரம் உரக்கப் படிக்கச் சொன்னேன், நானே ஒரு தரம் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நேத்து ராத்திரி நல்லா தூங்கினேன். உன் கடுதாசி வந்த செப்டம்பர்லேருந்து வராத தூக்கம்.

அந்தப் பெரியவர் சொன்னதைப் பத்தி எதுவும் கேட்காதே. மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லல. தாத்தா போட்டோவுக்கு முன்னால நின்னு, குடுத்திருக்கணும்னு அவரே சொல்லிட்டாருங்கன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு மேல அவங்க ரெண்டு பேர் பாடு.

கடைசிச் சம்பளத்தை விட்டுடாதே, கேட்டு வாங்கு. அது நீ ஏற்கனவே உழைச்சது. வாங்கினா சத்தியம் திரும்ப வந்துடுமோன்னு பயப்படாதே, சமயபுரத்தாகிட்ட போய்ப் பூப்போட்டுக் கேட்டுட்டு வந்துட்டேன். பூவும் நல்ல பூவா வந்துச்சு.

இதுக்குப் பதில் எழுதாதே. எழுதி எழுதி விரல் வலிக்குது எனக்கு. இது கிடைச்ச உடனே போன் பண்ணு. நான்தான் எடுப்பேன், உங்கப்பனைத் தொடவிடமாட்டேன். எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா வச்சிடாதே, எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ஏன் வரலன்னுதான் முதல்ல கேட்பேன். பதிலை யோசிச்சு வச்சுக்க.

அப்பாயி